மாமாவை எரிக்கலாமா?

டெஸ்மன் படத்தை நேராக வைத்துப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தான்.

"பிரோ, இந்த ஆள் உலகத்தை அழிக்க வந்தவன் மாதிரி இல்லை. விசா நீட்டிக்க வந்தவன் மாதிரி நிக்கிறான்."

படத்தை வரைந்த நரேந்திரன் பதில் சொல்லவில்லை. டெஸ்மன் சொன்னது உண்மை. தவிர, பதில் சொல்லாமலிருப்பது இந்த ஒன்றரை வருஷத்தில் அவனுக்கு நன்றாகக் கைவந்திருந்தது.

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே டெஸ்மனின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு பிரிண்டர், கீழே அடுப்பிலிருந்து படியேறி வரும், இறைச்சி அடைத்துச் சுட்ட பை பலகார வாசனை. டெஸ்மனின் பெற்றோர் யாழ்ப்பாணம். அவனுக்கு நினைவு தெரிந்ததெல்லாம் ஆக்லாந்து. அவர்கள் அவனை அக்கவுண்டன்ட் ஆக்கினார்கள். அவன் தன்னை போர்டு கேம் செய்கிறவன் ஆக்கிக்கொண்டான். கல்யாண வீடுகளில் அவர்கள் இன்னும் முதல் பாதியைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

அவன் இப்போது செய்துகொண்டிருந்த கேம், நரேந்திரன் படம் வரைந்து கொடுத்த கேம், நூறு வருஷத்துக்கு முந்தைய பயங்கரக் கதைகளின் வழியில் வந்தது. அந்தக் கதைகளில் நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்தோ கடலுக்கு அடியிலிருந்தோ ஏதோ ஒன்று வரும். பெயரைச் சொன்னால் வாய் கோணிக்கொள்ளும். பார்த்தால் புத்தி பேதலிக்கும். ஆனால் அதற்கு மனிதர்கள் மேல் கோபமெல்லாம் கிடையாது. மோட்டார்வேயில் போகிறவன் நத்தையைப் பகைத்துக்கொண்டா ஓட்டுகிறான்? எனவே கதையில் வில்லன் என்று ஒருவன் உண்டென்றால், அது அந்த ஜந்துவுக்குக் கதவு திறந்துவிடும் மனிதன்தான்.

"மான்ஸ்டரை விடு," என்பான் டெஸ்மன். "அது மழை மாதிரி. மழையோட சண்டை பிடிக்க ஏலுமா? கதவு திறக்கிறவனுக்குத்தான் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை மூஞ்சியில பாக்க வேணும்."

விளையாடுகிறவர் ஓர் அட்டையைத் திருப்புவார். அதில் ஒரு வில்லன் இருப்பான். அவனை எரிக்கலாம், அல்லது விட்டுவிடலாம். எரித்தால் ஊர் பிழைக்கும். விட்டால் கடல் ஒரு படி ஏறும். கடல் மேல்படிக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் தோல்வி.

"எரிக்கப் போற கை ஒரு செக்கன் நிக்க வேணும் பிரோ. நிக்காட்டி கேம் செத்துப்போச்சு."

முதல் பதினோரு அட்டைகளுக்குக் கை நின்றது. வருஷத்துக்கு ஒரு வழிப்போக்கனைக் கிணற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஊரில் பஞ்சமே வராமல் பார்த்துக்கொள்ளும் ஊர்த்தலைவர். பிறப்பது மனிதக் குழந்தை இல்லை என்று தெரிந்தும், பிரசவம் பிரசவம்தான் என்று கையை நீட்டும் மருத்துவச்சி. தனிமை தாங்காமல் ஒரு கல்சிலைக்கு ராத்திரி தோறும் பேப்பர் வாசித்துக்காட்டி அதை எழுப்பிவிடும் காவல்காரன். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள்தான் தகராறு. அவன் கலங்கரை விளக்கத்தின் காவலாள். அவன் ஏற்றும் விளக்கைப் பார்த்துத்தான் கடலுக்கு அடியில் இருப்பது கரைக்கு வரும். அவனை நரேந்திரன் நான்கைந்து தடவை வரைந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் பாஸ்போர்ட் போட்டோதான் வந்தது.

"வெள்ளிக்கிழமை," என்றான் டெஸ்மன், மேசையைப் பார்த்துக்கொண்டு. "அதுக்குள்ள வராட்டி போலந்தில ஒருத்தி இருக்கிறா, அவவிட்ட குடுத்திடுவன். சொறி பிரோ. நானும் எவ்வளவு காலம் பொறுக்கிறது?"

"சரி," என்றான் நரேந்திரன்.

படியிறங்கும்போது அவன் இன்னொன்றையும் முடிவு செய்தான். வெள்ளிக்கிழமைக்குள் அந்த முகம் வரவில்லையென்றால் பென்சிலை மூட்டை கட்டிவிட்டு மலேசியாவில் தன் ஊரான ஈப்போவுக்குப் போய்விடுவது. அங்கே அண்ணனுக்கு டயர் கடை இருந்தது. டயருக்கு முகம் கிடையாது.

அந்தப் பதினோரு பேரும் ஜனுஷா.

நரேந்திரன் வேலை செய்யும் விதம் அது. யாரை வரைவதானாலும் அவன் மனைவி சமையலறையில் நின்று காட்டுவாள். தலையில் துவாயைக் கட்டினால் மருத்துவச்சி, கழற்றினால் காவல்காரன். கிணற்றுத் தலைவரைச் செய்யச் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இவருக்கு ராவில நித்திரை வருமோ?" நன்றாக வரும் என்று அவன் சொன்னான். உடனே அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்து உட்கார்ந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நல்ல மனிதரின் தெளிவு. பார்க்கப் பயமாக இருந்தது. அவன் பயந்துகொண்டே வரைந்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ஒரு நரம்பு வெடித்திருந்தது. எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவன் இணையத்தில் கிடைக்கும் கிழவர்களைப் பார்த்து வரைந்தான். கவலையான கிழவர் என்று தேடினால் பல் வலி மருந்து விளம்பரக்காரர் வந்தார். கோபமான கிழவர் என்று தேடினாலும் அவரேதான் வந்தார்.

ஆக்லாந்தின் இன்னொரு பகுதியான பிளாக்ஹவுஸ் பேயில் மாமனார் வீட்டின் பின்புறம் தனியாக ஓர் அறை இருந்தது. கல்யாணமான புதிதில் அவனும் ஜனுஷாவும் அதில்தான் குடியேறினார்கள். இப்போதும் அவன் அங்கேதான் இருந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. அவனும் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினார்கள். ஜனுஷா என்ற பெயரை மட்டும், கழுவிவிட்டு இன்னும் காயாத தரையைச் சுற்றிப் போவது போல, சுற்றிப் போனார்கள்.

அன்று புட்டைக் குழைத்துக்கொண்டே மாமியார் ராசமணி கேட்டாள், "என்ன தம்பி, முகம் செத்துப் போய்க் கிடக்கு?"

"ஒரு வில்லன் சரியா வரல மாமி."

எதிரே இருந்த மாமனார் நிக்கலஸ் நிமிர்ந்தார். மன்னார்க்காரர். ஆக்லாந்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "வில்லனோ?"

"ஆமா மாமா."

"எத்தின வயசு வில்லன்?"

"உங்க வயசு இருக்கும்."

நிக்கலஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, எங்கட ஊர் மாதா கோயிலில வாசாப்பு போடுவினம். புனிதர்மாற்ற கதையை விடிய விடியப் பாட்டாப் படிச்சு ஆடுறது. அதில ஆர் ராசா தெரியுமோ? வேதக்காரரின்ர தலையை வெட்டுற ராசா?"

"நீங்களா?"

"நான்தான்! ஒரு கிழவி மேடையில ஏறி என்ர தலையில பழங்கஞ்சி ஊத்தினவ. சந்தையில ஒரு மாசம் எனக்கு மீன் தரேல்ல."

"மீன் தராதது கடன் வச்சதுக்கு," என்றாள் ராசமணி.

"நீ சும்மா இரு. தம்பி, அவளுக்கு நடிப்பு எங்கயிருந்து வந்தது எண்டு நினைக்கிறீர்?"

அவளுக்கு என்று சொல்லிவிட்டார். ராசமணி புட்டுக் கோப்பையை நகர்த்தினாள். ஆனால் நிக்கலஸ் எழுந்துவிட்டார். மழைக்கோட்டைத் தேடப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கராஜில் வேலை தொடங்கியது. நிக்கலஸ் பஸ் ஓட்டிய காலத்து மஞ்சள் மழைக்கோட்டில் வந்தார். கையில் ராசமணியின் அரிக்கன் லாம்பு. மீசைக்கு மை பூசியிருந்தார். யாரும் பூசச் சொல்லவில்லை.

"இவன் என்ன செய்யிறவன்?"

"கலங்கரை விளக்கத்துல வேலை. விளக்கு ஏத்தி, கடல்ல இருக்கிற ஒண்ணைக் கூப்பிடுவான். அது வந்தா ஊரே முங்கிடும்."

"ஏன் கூப்பிடுறான்?"

டெஸ்மன் எழுதி வைத்திருந்த காரணம் ஒரே வரி. கடலில் மூழ்கிப்போன மகளைத் திருப்பித் தருவதாக அந்த ஜந்து அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. நரேந்திரன் பென்சிலைச் சீவினான். லாம்பை மார்போடு சேர்த்துப் பிடித்து நிற்கும் கிழவரைப் பார்த்தான்.

"காசுக்காக மாமா," என்றான்.

"ஆ! காசோ!"

அதன்பிறகு நடந்ததை நடிப்பு என்று சொன்னால் நடிப்புக்கு அவமானம். நிக்கலஸ் ராஜநடை போட்டு கராஜின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வந்தார். புல்வெட்டும் இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை சுழன்றார். கண்ணை உருட்டினார். ஒரு புருவத்தை மட்டும் தூக்க முயன்றதில் இரண்டும் தூக்கிக்கொண்டு வாயும் திறந்துகொண்டது. விரல்களால் இல்லாத காசை எண்ணினார்.

"கொஞ்சம் குறைச்சுக்கலாம் மாமா."

"குறைச்சால் பின்னுக்கு இருக்கிற சனத்துக்குத் தெரியாது."

"பின்னுக்கு யாரும் இல்ல லா மாமா. நான் மட்டும்தான்."

"அப்ப நீர் கிட்ட வாரும்."

தேநீரோடு வந்த ராசமணி கதவோரம் நின்று பார்த்தாள். "ஏன் வயித்துக் குத்துக்காரர் மாதிரி நிக்கிறார்? மருந்து எடுத்தவரோ?"

"இது பேராசை!" என்று கத்தினார் நிக்கலஸ்.

"உங்களுக்குப் பேராசை எங்க தெரியும்? வாழ்க்கையில ஒரு லொத்தர் டிக்கெட் எடுத்திருக்கிறியளோ?"

அடுத்தடுத்த நாட்களும் இப்படியே போயின. காகிதத்தில் விழுந்தது ஒரு மஞ்சள் கோட்டும் ஒரு மீசையும்தான். உள்ளே ஆள் வரவில்லை. வராது என்று நரேந்திரனுக்குத் தெரியும். பொய்க்காரணம் சொன்னவன் அவன்தானே. உண்மையைச் சொல்லி அந்த முகத்தைப் பிடுங்கிக் காகிதத்தில் ஒட்டுவதைவிட டயர் கழற்றுவது மரியாதை என்று நினைத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஈப்போவுக்கு விமான நேரங்களைப் பார்த்தான். மாமாவிடமும் மாமியிடமும் எப்படிச் சொல்வது என்று மட்டும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிபோல டெஸ்மன் தானே வந்து நின்றான். கராஜ் கதவைக் குனிந்து நுழைந்து, காலடியில் குவிந்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்ற நிக்கலஸைப் பார்த்தான்.

"அங்கிள், என்ன செய்யிறீங்கள்?"

"காசு எண்ணுறன்."

"காசோ? ஏன்?"

"வெளிச்சவீட்டுக்காரன் காசுக்குத்தானே கூப்பிடுறான்?"

"காசுக்கா? நோ, நோ, நோ. அங்கிள், அவன்ர மகள் கடலுக்க போயிட்டா. அந்த மான்ஸ்டர் மகளைத் திருப்பித் தாறன் எண்டு சொல்லியிருக்கு. மகளுக்காகத்தான்–"

அந்த இடத்தில்தான் டெஸ்மனுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டான். நரேந்திரன் தரையைப் பார்த்தான். புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து எண்ணெய் ஒழுகியிருந்தது. அதைத் துடைக்கவேண்டும் என்று தோன்றியது.

"மகளுக்கோ," என்றார் நிக்கலஸ்.

லாம்பைப் பெயின்ட் டப்பாவின் மேல் வைத்தார். மருமகனை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. பஸ்ஸில் சில்லறை தவறாகக் கொடுத்தவனைப் பார்க்கும் பார்வை. பிறகு டெஸ்மன் பக்கம் திரும்பினார்.

"வருவாளோ?"

"அங்கிள், இது சும்மா கேம்..."

"கேமிலதான் கேக்கிறன். விளக்கு ஏத்தினால் வருவாளோ?"

"ஒரு மாதிரி வருவா. ஆனா முந்தின மாதிரி இருக்க மாட்டா. ஈரமா இருப்பா."

"ஈரமெண்டால் பரவாயில்லை. துவாய் இருக்கு. என்னைத் தெரியுமோ அவளுக்கு?"

"அது ரூல் புக்கில இல்லை அங்கிள்."

"நீர்தானே ரூல் எழுதினது?"

"நான் அவ்வளவு தூரம் யோசிக்கேல்ல."

"சாப்பிடுவாளோ? சோறு குடுத்தால்?"

டெஸ்மன் நரேந்திரனை உதவிக்குப் பார்த்தான். நரேந்திரன் உதவவில்லை. "சாப்பிடுவா," என்றான் டெஸ்மன் கடைசியில், தன் கேமின் ஒரு பக்கத்தை அங்கேயே கிழித்துப் போட்டவனாக.

"அப்ப சரி. பதிலுக்கு அது என்ன கேக்குது?"

"சிட்டி முழுக்க."

"ஆக்லாந்து முழுக்கவோ?"

"கேமில வேற சிட்டி. ஆனா ஓம், அப்பிடித்தான்."

"வெஸ்ட்கேட்டில கட்டுற கடைத்தெருவும் சேத்தோ?"

"ஓம் அங்கிள்."

"அதை இன்னும் கட்டி முடிக்கவே இல்லை. கொண்டுபோகட்டும்." நிக்கலஸ் சிறிது யோசித்தார். "இந்தப் பக்கம்? பிளாக்ஹவுஸ் பே?"

"அதுவும்தான்."

"வீடும் போனால் அவள் எங்க வந்து படுப்பாள்? விசரன், இதைக்கூட யோசிக்கேல்ல பாரும்." லாம்பைக் கையில் எடுத்தார். குரல் தாழ்ந்தது. "நானும் யோசிக்க மாட்டன்."

கோட்டின் ஓரத்தால் லாம்பின் கண்ணாடியைத் துடைத்தார். வாயால் ஊதி இன்னொரு தடவை துடைத்தார். திரியைக் கிள்ளிவிட்டார். ஏற்றினார். பிறகு கராஜ் கதவின் பக்கம் திரும்பி, பாதி திறந்திருந்த அதன் வழியே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுவார் என்று டெஸ்மன் எதிர்பார்த்தான். நரேந்திரனும் அதைத்தான் எதிர்பார்த்தான். அந்த முகத்தில் அழுகை இல்லை. குதிகால் லேசாக எழும்பியிருந்தது. கழுத்து நீண்டிருந்தது. ஒரு சிரிப்பு வந்துவிட்டது. வருகிறவர் பார்க்குமுன் சிரித்துவிடக் கூடாது என்று அதை உதட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். நரேந்திரனுக்கு அந்த முகம் தெரியும். ஈப்போவிலிருந்து அவனும் ஜனுஷாவும் திரும்பி வந்தபோதெல்லாம் ஏர்போர்ட்டின் தானியங்கிக் கதவுக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம். கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பி, வேறு யாரோ வந்ததும் தணிந்து, மறுபடி எழும்பும். பெட்டி தள்ளிவரும் மருமகன் அதன் கண்ணில் பட்டதே இல்லை.

உலகத்தை அழிக்கிறவன் இப்படித்தான் நிற்பான். அவனுக்கு யார் மேலும் பகை இல்லை. அவன் ஆளை ஏற்றிப் போக வந்தவன். அவ்வளவுதான்.

நரேந்திரன் வரைந்தான். கை தானாக ஓடியது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. இமையை இரண்டு தடவை அழித்தான். மடித்த உதட்டுக்கு நெடுநேரம் பிடித்தது. டெஸ்மன் மூச்சுவிடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டான். நிக்கலஸ் ஒரு தடவையும் கால் மாற்றவில்லை.

"முடிஞ்சதோ?" என்றார் கடைசியில்.

"முடிஞ்சிருச்சு மாமா."

அவர் விளக்கை ஊதி அணைக்கவில்லை. அப்படியே வெளிச்சத்தோடு கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்தார்.

ராசமணி படத்தை வாங்கிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இதை என்ன செய்வியள்?"

"கார்ட் ஆக்குவம் அன்ரி," என்றான் டெஸ்மன். "விளையாடுற ஆக்கள் இதை எரிக்கிறதோ விடுறதோ எண்டு–"

"என்னத்தை எரிக்கிறது?"

"இவரை. எரிச்சாத்தான் சிட்டி தப்பும்."

"என்ர மனுசனையோ?"

"கார்டைத்தான் அன்ரி. உண்மையா நெருப்பில்லை, ஒரு பெட்டி மூடிக்குள்ள போடுவம்."

"விளக்குத்தானே பிரச்சினை? விளக்கை ஊதி நூத்தால் என்ன? ஏன் ஆளை எரிக்கிறியள்? இது என்ன வளர்ப்பு?"

"விளக்கை அணைச்சிட்டு ஆளை அப்பிடியே விட்டா, அவர் திரும்பி ஏத்துவார் அன்ரி. கேம் முடிவுக்கு வராது."

"ஆர் விடச் சொன்னது? வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும். கூட வச்சிருந்து சோறு போட வேணும். ஒவ்வொரு நாளும் போட வேணும். எரிக்கிறது லேசு தம்பி. சோறு போட்டுப் பார்."

அந்த கேமில் பாண், அதாவது ரொட்டி, என்று சின்னச் சின்ன மரத்துண்டுகள் ஏற்கெனவே இருந்தன, ஆளுக்கு ஐந்து. அவை எதற்கு என்று டெஸ்மனுக்கே இதுவரை சரியாகத் தெரியாது. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ரூல் தாளை எடுத்துப் பின்பக்கம் எழுதினான்: வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். சுற்றுக்கு ஒரு பாண் அவனுக்கு. எழுதிவிட்டுக் காருக்கு ஓடிப் பெட்டியை எடுத்துவந்தான்.

"ஒரு டெஸ்ட்," என்றான். "படம் நல்லா இருக்கு பிரோ, ஆனா நான் சொல்ல ஏலாது. கை நிக்குதோ பாப்பம். நிண்டால் போலந்து இல்லை."

நரேந்திரனின் படம் மடித்த தாளாக மற்ற அட்டைகளுக்கு நடுவே போனது. டெஸ்மன் விதிகளைச் சொன்னான். ஒருவர் விட்டுவிட்ட அட்டை அந்தச் சுற்று முடியும்வரை மேசையில் கிடக்கும். அதற்குள் அடுத்தவர் யாராவது அதை எரிக்கலாம், அல்லது வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கடல் ஏறும். டெஸ்மன், ராசமணி, நிக்கலஸ், நரேந்திரன் என்று முறை.

டெஸ்மன் தன் அட்டையை விட்டான். அது கேம் தெரிந்தவனின் தந்திரம். மற்றவர்கள் பாண் செலவழிக்கட்டும் என்று. ராசமணி திருப்பியது கிணற்றுத் தலைவர்.

அவள் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தலைவருக்குத் தாடி இருந்தது, கழுத்தில் சங்கிலி இருந்தது.

"இது ஜனுஷா," என்றாள்.

நிக்கலஸ் அட்டையைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

"மீன் பழுதெண்டு தெரிஞ்சும் நான் சமைச்சால் இப்பிடித்தான் பாப்பாள். ஒண்டும் சொல்ல மாட்டாள்." அட்டையைத் தன் பக்கம் வைத்து ஒரு பாணை அதன் மேல் போட்டாள். "வீட்டுக்கு."

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மருத்துவச்சியை வீட்டுக்கு எடுத்தாள். டெஸ்மன் விட்ட காவல்காரனையும் எடுத்தாள். நிக்கலஸ் எரிக்கப் போன ஒருத்தியின் அட்டையை அவர் கையிலிருந்தே பிடுங்கினாள். டெஸ்மன் ஒரு தடவை துணிந்து ஓர் அட்டையை மூடிக்குள் போட்டபோது அவன் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. "சொறி அன்ரி," என்றான் அவன், தன் கேமில் தானே குற்றவாளியாகி. சீக்கிரமே ராசமணியின் வீட்டில் உலகத்தை அழிக்கக்கூடியவர்கள் அரை டஜன் பேர் சேர்ந்துவிட்டார்கள். தன் பாண் தீர்ந்து, மற்றவர்களிடமும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடல் ஏறிக்கொண்டே வந்து மேல்படிக்குக் கீழே நின்றது.

நிக்கலஸ் அடுத்த அட்டையைத் திருப்பினார். மடித்த தாள்.

தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லாம்பு இன்னும் மேசையில் எரிந்துகொண்டிருந்தது.

"விடுறன்," என்றார்.

"அங்கிள், விட்டால் கடல் மேல வந்திடும். எல்லாரும் அவுட்."

"எனக்கு ரூல் விளங்கேல்ல எண்டு நினைச்சீரோ? விளக்கு எரியட்டும்."

"இவ்வளவு பேரையும் நான் சோறு போட்டு வச்சிருக்கிறன்," என்றாள் ராசமணி. "ஒரேயடியாச் சாக்காட்டப் போறார் மனுசன்."

சுற்றில் கடைசி ஆள் நரேந்திரன். மாமி வாங்கியதுபோக அவனிடம் ஒரே ஒரு பாண் இருந்தது. எரித்தால் செலவில்லை. கணக்குப்படி அதுதான் சரி. தாளை எடுத்தான். கை பெட்டி மூடிவரைக்கும் போனது. தாளில் அந்தக் குதிகால் எழும்பியிருந்தது. உதடு மடிந்திருந்தது.

கை நின்றது.

"நிண்டிட்டுது," என்று கிசுகிசுத்தான் டெஸ்மன். "பிரோ, நிண்டிட்டுது."

நரேந்திரன் தாளைத் தன் முன்னால் வைத்தான். "விளக்க அணைக்கிறேன். மாமா எங்கூட வரட்டும்."

நிக்கலஸின் கை தாளின் மேல் விழுந்தது. "ஏன் அணைக்கிறீர்?"

அது கேம் ஆடுகிறவரின் குரல் இல்லை.

"மாமா..."

"ஏன் அணைக்கிறீர்? அவள் வந்துகொண்டிருந்திருப்பாள்."

டெஸ்மன் ரூல் தாளைக் குனிந்து பார்த்தான். அதில் இதற்கு ஒன்றும் இல்லை. ராசமணி தன் வீட்டில் இருந்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், மறுபடி பரப்பினாள்.

"வர மாட்டா மாமா," என்றான் நரேந்திரன். இதை அவன் எந்த மொழியிலும் யாரிடமும் சொன்னதில்லை. குரல் சாதாரணமாக வந்தது. அதுதான் அவனுக்கு ஆச்சரியம். "ஜனுஷா வர மாட்டா."

நிக்கலஸ் கையை எடுக்கவில்லை. தாளின் ஓரம் அவர் விரலுக்குக் கீழே கசங்கியது. தாடை ஒருமுறை அசைந்தது. மீசையின் மை வியர்வையில் கரைந்து உதட்டுக்கு வந்திருந்தது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

நரேந்திரன் தன் பாணை எடுத்துத் தாளின் மேல் வைத்தான்.

"ஒண்டுதானோ?"

"ஒண்ணுதான் மாமா இருக்கு."

"நாளைக்கு?"

"பாத்துக்கலாம்."

"பாக்கிறாராம்," என்றாள் ராசமணி. அவள் குரல் பாதியில் எங்கேயோ போய்விட்டது.

நரேந்திரனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. முதலில் மூக்கு. பிறகு கண். பிறகு எது எதிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஒன்றரை வருஷத்துக் கணக்கு ஒரே நேரத்தில் வந்து நின்றது. துடைக்க ஏதாவது வேண்டுமென்று மேசையைத் துழாவினான். கையில் அகப்பட்ட தாளை எடுத்து முகத்தை அழுத்திக்கொண்டான்.

"பிரோ," என்றான் டெஸ்மன் மெதுவாக. "அது ரூல் தாள். என்னட்ட வேற கொப்பி இல்லை."